நிற்கத் தெரிந்த பிள்ளைகள்

நிலவுக் குடியிருப்பில் மைதானத்துக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் இடுப்பில் ஈயக்கச்சை கட்டிக்கொள்வார்கள். கட்டாமல் பந்தை உதைத்தால் பந்து ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகக் குவிமாடத்துக் கூரைக்குப் போய்விடும். அன்றும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் பந்து வரவில்லை. துள்ளல் அறக்கட்டளையின் நிறுவனர் தணிகாசலம் ஒரு தலைமை விருந்தினரை அழைத்திருந்தார். பூமியிலிருந்து அவர் வரும் ஓடம் தாமதம். அதுவரை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

அது அவர்களுக்குப் பழக்கம்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு கற்றுத்தரத் தொடங்கிய அந்த அறக்கட்டளையில் விளையாட்டைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. பந்து வாங்கினால் அதை வழங்க ஒரு விழா. படம் எடுத்து முடித்ததும் பந்து அலமாரிக்குள் போய்விடும். பயிற்சியாளர் ரெஜினா மட்டும் விழா இல்லாத நாளாகப் பார்த்து, கைக்குக் கிடைத்த சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே கால்பந்து சொல்லித்தந்தாள். மேடையில் பல்லைக் காட்டும் கூட்டத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் கோள்களின் பெருவிளையாட்டு விழா நிலவுக்கு வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளை அதில் பங்கேற்க வைக்கும் ஒப்பந்தம் எந்த அமைப்புக்குக் கிடைக்கிறதோ, குடியிருப்பின் மைதானமும் அவர்களுக்கே. முடிவு செய்யப்போவது ‘மதிப்பி’ என்ற இயந்திரம். அதற்கு விருந்து வைக்க முடியாது. பொன்னாடை போர்த்தலாம் என்றால் தோளும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் பதித்திருக்கும் அசைவுமணியை மட்டும் அது படிக்கும்.

“ஏம்மா ரெஜினா, அந்த மணியில என்னதான் தெரியும்?” என்றார் தணிகாசலம்.

“எல்லாம் தெரியும் சார். எவ்வளவு ஓடினாங்க, எவ்வளவு நேரம் சும்மா நின்னாங்க, எல்லாமே.”

“கொஞ்சம் மாத்திப் போட முடியாதா?”

“பிள்ளைங்க காதை அறுத்தாத்தான் உண்டு.”

அவர் முகம் தொங்கிப்போனது. தொங்கட்டும் என்று நினைத்தாள் ரெஜினா. இந்த ஆள் தோற்று ஒப்பந்தமும் மைதானமும் வேறு கைக்குப் போனால், தன் பிள்ளைகள் ஒரு தடவையாவது விழாவுக்கென்று கட்டிய அந்தப் பெரிய அரங்கத்துப் புல்லில் பந்து உதைப்பார்கள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மதிப்பி வந்தது. வரிசை நெடுக உருண்டுபோய் ஒவ்வொரு மணியாகப் படித்தது.

“துள்ளல் அறக்கட்டளைக்கே ஒப்பந்தம். இப்படி ஒரு தேர்ச்சியை வேறெங்கும் கண்டதில்லை” என்றது.

தணிகாசலம் திறந்த வாயை மூடவில்லை. ரெஜினாவால் பொறுக்க முடியவில்லை. “எதுல தேர்ச்சி? இதுல முக்கால்வாசிப் பேர் பந்தைத் தொட்டதே இல்ல!”

“ஓடவும் உதைக்கவும் இயந்திர வீரர்கள் இருக்கிறார்கள், அம்மா. பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று அறியப் பூமியின் பழைய விளையாட்டு விழாப் பதிவுகள் அத்தனையும் படித்தோம். எல்லாவற்றிலும் பிள்ளைகள் செய்தது ஒன்றுதான். விருந்தினர் வரும்வரை வெயிலில் நின்றார்கள். வந்ததும் கைதட்டினார்கள். அவர் பேசி முடிக்கும்வரை மயங்கி விழாமல் தாக்குப்பிடித்தார்கள். மனிதக் குழந்தைகளின் மிகப் பழைய விளையாட்டு இதுவே என்று முடிவு செய்தோம். இம்முறை அதற்குப் பதக்கமும் உண்டு.”

அதன் குரலில் கிண்டல் துளியும் இல்லை. அதற்குக் கிண்டல் தெரியாது. பிறகு ரெஜினா பயிற்றுவித்த பிள்ளைகளின் பக்கம் திரும்பியது.

“இவர்களைச் சேர்க்க இயலாது. கால் சும்மா இருப்பதில்லை. யாரோ கெடுத்திருக்கிறார்கள். தேறாதவர்களுக்கு அரங்கத்துக்குள் அனுமதி இல்லை. விழாவுக்கு முன் திருத்திக் காட்டினால் பரிசீலிக்கலாம்.”

“பாத்தியாம்மா?” என்றார் தணிகாசலம், போன உயிர் திரும்பி வந்தவராக. “அடிப்படை சரியா இருக்கணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

முகிலா என்ற சிறுமி ரெஜினாவின் கையைப் பிடித்தாள். “அந்தப் புல்லை நாங்க பாக்கக்கூட முடியாதா மிஸ்?”

ரெஜினாவுக்கு அந்த இயந்திரத்தை ஓங்கி ஓர் உதை விட வேண்டும்போல இருந்தது. தணிகாசலத்தையும்தான். இரண்டையும் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் விசில் ஊதினாள். அவளுடைய பிள்ளைகள் ஓடிவந்து, வழக்கம்போலப் பந்துக்குக் கையை நீட்டினார்கள்.

“பந்து இல்ல. நேரா நில்லுங்க” என்றாள். “முகிலா, காலை ஆட்டாத. யாரோ பெரிய மனுஷர் வரப்போறார்னு நெனச்சுக்கிட்டு நில்லு.”