குறை சொல்லும் வேலை

முந்தின நாள் அவள் எழுதி வைத்தது வேறு, அன்று காலை திரையில் இருந்தது வேறு. "நான்கு செல்கள், ஒன்று சிறியது, துணுக்குகள் கால் பங்கு" என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. திரையில் தெரிந்த கருவிலோ எட்டு செல்கள், எல்லாம் ஒரே அளவு. ஒரு துணுக்குகூட இல்லை.

செல்லிலிருந்து உடைந்து விழும் துணுக்குகளைக் கரு தானாகவே உள்ளிழுத்துக்கொள்வதும் உண்டுதான். கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் பதினாறு வருடமாகக் கருக்களைப் பார்த்துத் தரம் போட்டுக் கண் பூத்துப்போனவள் அவள். வேறு யாருடையதாக இருந்தாலும் அத்தோடு மறந்திருப்பாள். இது தங்கையுடையது. நான்காவது முயற்சி. எடுத்த முட்டைகளில் தேறியது இது ஒன்றுதான். இனி எடுக்கவும் முட்டை இல்லை என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

ஜன்னல் இல்லாத அறை. கருக்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று பகலிலும் மங்கலாகவே எரியும் விளக்கு, மூலையில் ஓயாமல் இரையும் காற்று வடிகட்டி, துடைத்துத் துடைத்து வாடையே இல்லாமல் போன மேசை, கருக்கள் வளரும் இன்குபேட்டருக்குள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் கேமராவின் சன்னமான 'டிக்'. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்தால் வாய் தானாகப் பேசும். அவளுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

"இந்த ஒரு செல்லுல மட்டும் ரெண்டு உட்கரு தெரியுதே" என்று முணுமுணுத்தாள்.

டிக். அடுத்த படத்தில், இருக்க வேண்டியபடி, ஒன்றுதான் இருந்தது.

கரு உருவான ஐந்தாம் நாள், அது நீர் நிரம்பிய சிறு பந்தாக உப்பியிருந்தது. அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: குழந்தையாகப் போகும் உள்கொத்து, நஞ்சுக்கொடியாகப் போகும் வெளியுறை.

"கொத்து தளர்வா இருக்கு."

டிக். செல்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டன.

"உறையில செல்லு கம்மி."

டிக். நெருக்கித் தைத்ததுபோல் உறை நிறைந்திருந்தது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு வெறுமனே பார்த்தாள். கருவைச் சுற்றியிருக்கும் ஓடு கொஞ்சம் தடிமன் என்று மனதுக்குள் பட்டது. பட்டதுதான், சொல்லவில்லை.

டிக். ஓடு மெலிந்திருந்தது.

இன்டர்காம் ஒலித்தது. டாக்டரம்மா. "தங்கச்சி ரெடியா படுத்திருக்காம்மா. கரு எப்படி இருக்கு?"

இதை என்னவென்று சொல்வது? மூன்று முறையும் கலைந்தபோது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றவள் அவள்தான். இன்னொரு முறை நிற்கக் காலில் தெம்பு இல்லை.

"முதல் தரம், டாக்டர். குறையே சொல்ல முடியாது."

மெல்லிய குழாயில் கருவை ஏற்றிக் கொடுத்தாள். டாக்டரம்மா உள்ளே வைத்துவிட்டுக் குழாயைத் திருப்பிக் கொடுத்தார். சில சமயம் கரு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது.

அரை மணி கழித்து ஓய்வறைக்குப் போனாள். வெள்ளைப் போர்வைக்குள் தங்கை விழித்திருந்தாள்.

"இந்தத் தடவை தங்கிடும்லக்கா?"

"தங்கும். பேசாம படு."

"ஏன் அப்படிப் பாக்குற?"

பார்க்கக் கூடாது என்றுதான் வந்தாள். பதினாறு வருடப் பழக்கம். கண் அதுபாட்டுக்குத் தேடியது. இடது இமை, வலதைவிடச் சற்றுத் தாழ்வு.

இமை உயர்ந்தது.

நெற்றியில், சின்ன வயதில் விழுந்த தழும்பு.

மறைந்தது.

"என்னக்கா?" தங்கைக்கு எதுவும் உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மூக்கு லேசாகக் கோணல்.

நேரானது.

அவள் கண்ணை இறுக்கி மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த முகம்தான். கருவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குள். விளிம்பு ஒழுங்கில்லை. நினைக்காதே. நடுவில் பள்ளங்கள். வேண்டாம். உருண்டையாக இல்லை.

"அக்" என்ற தங்கையின் குரல் பாதியில் அடைத்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். தலையணைமேல், ஒரு மடிப்பும் ஒரு துளையும் இல்லாமல், உருண்டு, பளபளத்து, அது அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தது.