பட்டினிக்கார் உண்டோ

பூட்டிக் கிடந்த கொட்டாரத்துக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். நெடுமங்காடு தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே, அந்தப் பழைய அரண்மனையின் மதிலை ஒட்டிக் கட்டியிருந்த விடுதி வீட்டில் பொன்செல்வி அப்போதுதான் விளக்கைப் போட்டிருந்தாள். மழை விட்டபின் ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தத்துக்கும், ஈரமண்ணோடு கலந்து வந்த வௌவால் வாடைக்கும் ஊடாக, ராகம் போட்டு இழுத்தபடி மூன்று முறை வந்தது அந்தக் குரல்.

“அத்தாழப் பட்டினிக்கார் உண்டோ?”

மலையாளிகளுக்கு நடுவே, சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் புரியாமலா போகும்? இராச்சாப்பாடு கிடைக்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். சோற்றுப் பாத்திரங்களோடு வந்த விடுதிக் காவல்காரன் வேலாயுதனிடம் விசாரித்தாள்.

“பண்டு அப்படியாக்கும் அக்கா. வாசல அடைக்கும் முன்னே மூணு தடவை கேப்பாங்க. ஆராச்சும் உண்டுன்னா சோறு குடுத்துட்டுத்தான் அடைப்பு.”

“இப்போ அங்க யாரு இருக்கா?”

“ஆரும் இல்ல. கேட்டா மிண்டாம, பதில் சொல்லாம இருந்தாப் போதும்.”

அவள் முகத்தைப் பாராமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் இடம் மாறினால் மனசு தேறும் என்று பிடிவாதமாக அழைத்து வந்தவன் அவள் கணவன் செல்வகணேஷ். நல்ல மனுஷன்தான், ஆனால் பாவம், அவனுக்கு முழுசும் தெரியாது. சில மாதங்களுக்கு முன், அந்தக் கடைசி நாள் காலையில் மகள் சுஜா இட்லித் தட்டைத் தள்ளிவிட்டபோது, ‘வேண்டாம்னா போ, பட்டினி கிடந்தாத்தான் தெரியும்’ என்று சொல்லி, ஏழு வயசுப் பிள்ளையை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிட்டவள் பொன்செல்வி. மழையில் ஆட்டோ கவிழ்ந்தது. இரைப்பை காலி என்று பிரேதப் பரிசோதனைத் தாளில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் செல்வகணேஷ் பால் வாங்கக் காரில் ஜங்ஷனுக்குப் போனான். வீட்டில் அவள் மட்டும். குரல் வந்தது. ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை கேட்டு ஓய்ந்ததும், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

“நான் இன்னும் சாப்பிடலை.”

தமிழில். பிள்ளைக் குரலில்.

பொன்செல்வி கிண்ணத்தை எடுத்தாள். தயிர் விட்டுச் சோறு பிசைந்தாள். செருப்புப் போடாமல் ஓடினாள். பாசி வழுக்கியது. கொட்டாரத்தின் பெரிய கதவு. அடிப்பலகை இற்றுப்போய் ஓட்டை விழுந்திருந்தது. மண்டியிட்டு, ஒரு கவளத்தோடு கையை உள்ளே நீட்டினாள்.

“அம்மாதான் மக்களே. வாயைத் திற.”

ஒரு வாய் போயிற்று. இன்னொரு வாய். சின்ன உதடுகள் விரலில் பட்டன. அப்படிக் குளிர்ந்திருந்தன. அழுதுகொண்டே ஊட்டினாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கிண்ணம் காலியாயிற்று.

“இன்னும்.”

“தீந்துபோச்சு மக்களே. எடுத்துட்டு வாரேன்.”

உதடுகள் விரல்களை விடவில்லை. பற்கள் மெதுவாக அழுந்தின.

சுஜாவுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. புதுசு முளைக்கும் முன்பே போய்விட்டாள். இந்த வாயில் பற்கள் இருந்தன. வரிசைக்குப் பின்னால் வரிசையாக.

தன் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை இழுத்திருக்கலாம். பின்னால் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செல்வகணேஷ் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

விரல்கள் அந்த வாய்க்குள் இருக்கும்போதே, குரல் இன்னும் உள்ளே தள்ளி, இருட்டிலிருந்து வந்தது.

“பசிக்குது அம்மா.”

பொன்செல்வி மற்றக் கையையும் உள்ளே நீட்டினாள்.