தன்காவலுக்குத் தெரியாத செண்பகம்

“நீங்கள் செண்பகம் இல்லை” என்று காதோரத்துத் தன்காவல் சொன்னது.

சமையலறையில் நின்றிருந்த செண்பகம் திகைத்துப் போனாள். மகள் முத்தரசி பேருந்து விபத்தில் போய்ப் பத்தொன்பது நாள். அவள் கடைசியாக அனுப்பிய குரல் செய்தியைக் கேட்கும் துணிவு அன்றைக்குத்தான் வந்திருந்தது.

தன்காவல், வரும் செய்திகளையெல்லாம் பூட்டிக் காக்கும் மிளகளவு கருவி. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. ஆளின் நடை, பேசும் வேகம், சிரிப்பு, எரிச்சல் எல்லாவற்றையும் வருடக்கணக்காகக் கவனித்து உரிமையாளரைத் தெரிந்துகொள்ளும். அவரைத் தவிர நிறுவனமோ போலீசோ நீதிமன்றமோ எவர் கேட்டாலும் ஓர் எழுத்தைக்கூடக் காட்டாது. அப்படியொரு சட்டம் கேட்டுத் தூத்துக்குடியில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் செண்பகம். கர்ப்பப்பையை எடுத்த மறுநாளே அது எப்படியோ தெரிந்து முன்பின் அறியாத நான்கு பேர் சத்துமாவு விற்க அவளை அழைத்திருந்தார்கள். அந்தக் கோபம்.

சேவை மையத்து ஜெபராஜ் கருவியைச் சோதித்துவிட்டுத் தயங்கினான்.

“எது பொருந்தலன்னு மட்டுந்தான் இது எங்களுக்குக் காட்டும்மா. நடை மாறிருக்கு. குரல் எறங்கிருக்கு. சிரிப்பு சுத்தமா இல்ல. வேற யாரோன்னு அது நெனைக்கி.”

“எம் மவ செத்துப்போயிட்டா தம்பி. மாறாம எப்படி இருப்பேன்?”

“புரியுதும்மா. ஆனா எங்களால தொறக்க முடியாது. யாராலயும் முடியக்கூடாதுன்னுதான சட்டம். நீங்க பழையபடி ஆனா அதுவே தொறந்திரும்.”

செண்பகம் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

அவள் கணவரின் தங்கை சொர்ணம்தான் துணைக்கு வந்தாள். தினமும் விடிந்ததும் இருவரும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். செண்பகம் முன்பு போல விறுவிறுவென்று நடக்க வேண்டும், உரக்கப் பேச வேண்டும், சிரிக்க வேண்டும். சொர்ணம் சொந்தக்காரர்களின் கோமாளித்தனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் நாள் வாய்விட்டுச் சிரித்தபோது செண்பகத்துக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றியது. ஐஸ் பெட்டியோடு எதிரே வந்த மீன்காரி நின்று பார்த்தாள்.

“பிள்ளையத் தூக்கிக் குடுத்து மாசம்கூடத் திரும்பல. இளிச்சிட்டுப் போறா பாரு.”

காதில் விழுந்தது. செண்பகம் நடையைக் குறைக்கவில்லை. குறைத்தால் தன்காவல் அதையும் கவனிக்கும்.

பதினோராம் நாள் சிரிப்பு தானாக வந்தது போலிருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“வணக்கம், செண்பகம்” என்றது தன்காவல்.

சாலையோரச் சிமெண்டுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொர்ணத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு செய்தியைக் கேட்டாள்.

“அம்மா, பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சிருச்சு. மீனுக்கு நீயா மசாலா தடவிராத. நான் வந்து...”

செண்பகம் தேம்பினாள். அடிவயிற்றிலிருந்து எழுந்த அந்தச் சத்தத்தைத் தன்காவல் அதுவரை கேட்டதே இல்லை.

முத்தரசியின் குரல் நின்றது.

“அந்நியர் ஒருவர் செண்பகத்தின் செய்தியைக் கேட்க முயன்றார். தடுத்துவிட்டேன்.”

“மதினி, என்னாச்சு?” சொர்ணம் அவள் தோளை உலுக்கினாள். “முழுசாக் கேட்டீங்களா?”

செண்பகம் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். எழுந்து சேலையை உதறிவிட்டு வேகமாக நடக்கத் தொடங்கினாள்.

“எதாவது சிரிப்பாச் சொல்லு சொர்ணம்” என்றாள்.