புனலுக்கு முன்னால் காலி இடம்

ஊதியவர்கள் நாலு பேர், டிரம் தட்டியவன் ஒருவன். ஆக ஐந்து பேர் வாசித்த கச்சேரியைத்தான் காலையில் போனோகிராப் மெஷினின் மெழுகு உருளையில் பிடித்தார்கள். மதியத்துக்குமேல் போட்டுக் கேட்டால், ஆறாவதாக ஒரு கிளாரினெட்டும் சன்னமாகச் சேர்ந்து ஊதியது.

சீனிச்சாமிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பட்டாளத்துப் பேண்டில் பதினெட்டு வருஷம் கார்னெட் ஊதிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகப் பேண்டு செட்டு நடத்துகிற மனுஷன். தன் செட்டில் எத்தனை குழல் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நாளைக்கு இந்த உருளை ஜமீன் அரண்மனைக்குப் போகிறது. பிடித்துப்போனால் இனி அரண்மனைப் பேண்டு இவர்கள்தான். ஐந்து குடும்பத்துக்கும் ஆயுசுக்கும் சோறு. இருப்பதோ இந்த ஒரே உருளை.

ராஜபாளையத்துப் பஞ்சுக் கிட்டங்கி அது. ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஓட்டுக்கூரையை நெம்பிக்கொண்டிருந்தது. உள்ளே பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் மெழுகும் கலந்து, நெஞ்சில் போய் அப்பிக்கொள்கிற ஒரு வாடை. மற்ற நாலு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெஷினுக்குச் சொந்தக்காரர் பிச்சை முகம்மது தொழுகைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார்.

"ஒரு தடவ கேளுங்க அண்ணாச்சி, போதும். போடப் போட மெழுகு தேஞ்சிரும். சன்னமான சத்தந்தான் மொதல்ல போவும்."

சீனிச்சாமி இரண்டாம் முறை போட்டார். கிளாரினெட் இருந்தது. சத்தம் சன்னம்தான், ஆனால் மெஷினில் சத்தம் பிடிக்கிற புனலின் வாயை ஒட்டியே ஊதியதுபோல, எச்சில் நனைந்த சீவாளியின் கரகரப்புகூடக் கேட்டது.

அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. போன மாதம் செத்துப்போன சந்தனத்தின் இடம் அது. செத்தவன் இடத்தை நாற்பது நாள் காலியாக விட்டு வாசிப்பது இந்தச் செட்டின் வழக்கம். தெருவில் போகும்போது சரிதான். ஆனால் கிளாரினெட்டுக்காரன் புனலுக்கு நேர் முன்னால் நிற்க வேண்டும் என்பது மெஷினின் வழக்கம். அந்தக் காலி இடத்தைக் கொண்டுபோய்ப் புனலுக்கு முன்னால் வைத்துவிட்டோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பாவிகளுக்கு.

அன்றைக்குக் கல்யாண ஊர்வலத்தில் சந்தனம் அவர் பக்கத்தில் வந்து, "ஒரு தெரு மட்டும் விடுங்கண்ணே, மூச்சு முட்டுது" என்று கேட்டான். வேறு யார் காதிலும் விழவில்லை. இவர் "ஊதுலே" என்றார். நாலாவது தெருவில் வாயில் ரத்தத்தோடு விழுந்தான். இதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தேய்த்துவிடலாம் என்று நினைத்தார். சன்னமான சத்தம்தானே முதலில் போகும்? நல்ல யோசனைதான், போங்கள்.

மூன்றாம் முறை போட்டார். நாலாம் முறை. டிரம் சத்தம் மங்கி, ஓட்டுக்கூரை இரைச்சலோடு கலந்து காணாமல் போயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாவி கொடுத்தார். ஆறாம் முறை பெரிய குழல் இல்லை. எட்டாம் முறை அவருடைய கார்னெட்டே இல்லை. அரண்மனை போயிற்று, சோறு போயிற்று. தேய்ந்தது இவர்கள்தான்.

கிளாரினெட் தேயவில்லை.

தனியாக ஊதியது. பெரிதாக ஊதியது. எங்கேயும் நிறுத்தி மூச்சு வாங்கவில்லை.

ஊசியைத் தூக்கினார். உருளை வெறுமே சுற்றி, மெதுவாகி, நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

புனலில் கை வைத்துப் பார்த்தார். அதிர்வில்லை. சில்லென்று இருந்தது.

வாசலில் பிச்சை முகம்மது வந்து நின்றார். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. சீனிச்சாமியின் முகத்தையே பார்த்தார். பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"அண்ணாச்சி... வெறும் வாயில எப்பிடி ஊதுதீக?"

அப்போதுதான் தெரிந்தது. கன்னம் உப்பியிருந்தது. கீழுதடு பல்லின்மேல் மடிந்திருந்தது. கையில் இல்லாத குழலின் துளைகளை விரல்கள் ஒவ்வொன்றாக மூடித் திறந்தன.

நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. மூச்சு வெளியே போனது. போய்க்கொண்டே இருந்தது. உள்ளே வரவில்லை. முகவாயில் சூடாக ஏதோ வழிந்து சட்டையில் சொட்டியது. கண் இருண்டது.

மெட்டு அவருக்கு மனப்பாடம். இன்னும் பாதிகூட வரவில்லை.