மீன்கள் ஏன் விலகின?

சனிக்கிழமை, காலை பத்து மணி. டாட்டூ போட்டி நடக்கிற அரங்குக்குள் நுழைந்த சின்னவள், ஏழாம் மேசையைத் தாண்டும்போது அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு படம் தொங்கியது. முழங்கையில் தொடங்கி மணிக்கட்டு வரை வளைந்து இறங்கும் மீன் கூட்டம்.

அது அவள் வரைந்த படம். இன்னும் யாருக்கும் காட்டாத படம்.

போனை எடுத்தாள். "அக்கா, திருடிட்டான்."

"யாருடி? எத?"

"பக்கத்துத் தெருவுல டாட்டூ கடை வச்சிருக்கானே, தாடி. என் மீன் படத்த."

கால் மணி நேரத்தில் பெரியவள் வந்து நின்றாள். அவளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. நசுங்கிய காரைப் பார்த்தே, அது தானாக மோதியதா, மாமனார் மேல் இருந்த கோபத்தில் மோதவிட்டதா என்று சொல்லிவிடுவாள். ஆபீஸில் அவளுக்கு 'நோண்டி' என்று பெயர். அதை அவள் விருது மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

போட்டியின் நடுவர், மொட்டைத் தலை வரைக்கும் டாட்டூ குத்திய மனிதர், கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரே படம் ரெண்டு மேசையில இருக்கக் கூடாதும்மா. பன்னெண்டு மணிக்கு மேடையில ஊசி வைக்கணும். அதுக்குள்ள யாருதுன்னு தெரியலைன்னா ரெண்டு பேரும் வெளிய."

"டேப்லெட்ல தேதி இருக்கு சார்."

"தேதிய யார் வேணா மாத்தலாம்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடை திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. திருடி என்று பெயர் வாங்கினால், அப்புறம் எவர் கையை நீட்டுவார்?

பெரியவள் அவளை ஓரமாக இழுத்துப் போனாள். "அழாத. மொதல்லேர்ந்து சொல்லு. அந்த ஏஐ மெஷின்தான வரஞ்சுது?"

"நீ வேறக்கா! டிரைவர் அக்கா தெரியுமில்ல, டவுன் பஸ் ஓட்டுவாங்களே? பத்து வருஷமா டாட்டூ ஆச. என்ன வேணும்னு அவங்களுக்கே சொல்லத் தெரியல. காலையில பஸ்ல ஏறுற கூட்டம் பிடிக்கும், ஆனா மனுஷங்க வேணாம்னாங்க. அத அப்படியே ஏஐகிட்ட போட்டேன். மொதல்ல கண்ணு வச்ச பஸ் ஒண்ணு குடுத்துச்சு."

"கண்ணு வச்சா?"

"இமையோட. அப்புறம் பறவை, எலை, எறும்பு. அவங்க ம்ஹூம், ம்ஹூம்ங்கறாங்க, அது சலிச்சுக்காம குடுத்துக்கிட்டே இருக்கு. நானா இருந்தா மூணாவது ம்ஹூம்லயே பென்சில வீசியிருப்பேன். கடைசியில மீன் வந்துச்சு பாரு, வாயப் பொத்திக்கிட்டு 'இதுதான்'னாங்க. கண்ணுல தண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம்தான் என் வேல. ரெட்ட வால் மீனையெல்லாம் சரி பண்ணணும். முடி மாதிரி கோடு போட்டா நாளாக நாளாக மை பரவிடும், தடிமனாக்கணும். அவங்க கைய அளந்து, போட்டோ எடுத்து, அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி மொத்தத்தையும் திரும்ப வரஞ்சேன்."

மெஷின் வரைகிறது, நீ எதற்கு என்று வாரக்கணக்கில் கிண்டலடித்த பெரியவள் இப்போது கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"கடைசிப் படத்த யார் பாத்தா?"

"யாருமில்ல. மேடையில கை நீட்டப்போற டிரைவர் அக்காகூட இன்னைக்குத்தான் பாக்கணும்."

"கடைக்கு யார் வந்தா?"

"வியாழக்கிழமை தாடி வந்தான். கையுறை தீந்துபோச்சு, ஒரு டப்பா குடுன்னான். உள்ள போய் எடுத்தாந்து..." சின்னவள் நிறுத்தினாள். "டேப்லெட் மேசை மேல இருந்துச்சுக்கா. தொறந்தபடி."

பெரியவள் ஏழாம் மேசைக்குப் போனாள். நடுவரும் பின்னால் வந்தார். தாடி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் படம் எப்படித் தம்பி வந்துச்சு?"

"ஏஐகிட்ட மீன் கூட்டம் கேட்டேன். குடுத்துச்சு. உங்க தங்கச்சியும் அதையே கேட்டிருப்பா. ஒரே மெஷின், ஒரே பதில். இதுல திருட்டு எங்க வந்துச்சு?"

"நீங்க எதையும் மாத்தலையா?"

"ஒரு கோடுகூட மாத்தல. வந்தது வந்தபடி."

பெரியவள் தலையாட்டினாள். அவன் வேறெப்படியும் சொல்ல முடியாது. கை வைத்தேன் என்றால், இரண்டு படமும் எப்படி ஒன்றாக இருக்கும்?

படத்தின் அருகே போய் நின்றாள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே மீன்கள் இரண்டாகப் பிரிந்து, கல்லைச் சுற்றி ஓடும் தண்ணீர் போல மறுபடி சேர்ந்தன. நடுவில் கல் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

"இந்த எடம் ஏன் காலி?"

"அது ஸ்டைல் மேடம். மீன் மூச்சு விட வேணாமா?" தாடி சிரித்தான்.

"சார், அதே வார்த்தைய உங்க போன்ல போட்டுப் பாருங்களேன்."

நடுவர் தட்டினார். நான்கு மீன் கூட்டங்கள் வந்தன. நான்கும் நான்கு விதம். ஒன்றில் வெயில் பட்டுச் செதில் மின்னியது. "அடேங்கப்பா!" என்றார். எதிலும் மீன்கள் பிரியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் வேற வேற தான குடுக்கும்" என்றான் தாடி அவசரமாக.

"அப்ப ஒரே மெஷின், ஒரே பதில்னு சொன்னது யாரு தம்பி?"

தாடி காலை இறக்கினான். "எப்பவாவது அதே மாதிரியும் வரும்."

பதினொன்றரைக்கு டிரைவர் வந்தாள். வேலை முடிந்த கையோடு, பஸ் வாசனையோடு, முழுக்கைச் சட்டையின் பட்டனைக்கூடக் கழற்றாமல்.

"சார், தாடி படத்தையே எடுங்க" என்றாள் பெரியவள். "எங்களது வேணாம். இவங்க கைய அளந்து, அந்த நீளத்துக்கு அச்செடுத்து ஒட்டுங்க."

ஊசி வைக்குமுன் கோடுகளைத் தோலில் பதிக்க ஒரு தாள் உண்டு. நடுவர் தாடியின் படத்தை அதில் எடுத்தார். டிரைவர் சட்டைக்கையைச் சுருட்டினாள். நடுவர் ஒட்டி, அழுத்தி, மெதுவாக உரித்தார்.

ஊதா நிற மீன்கள் கை வளைவோடு வளைந்து இறங்கின. மணிக்கட்டுக்கு மேலே பிரிந்தன. அந்தக் காலி இடத்தின் நடுவில், அவரை விதை அளவுக்கு, பழுப்பாக ஒரு மச்சம்.

பெரியவள் அதன் மேல் விரலை வைத்தாள்.

"மச்சத்து மேல ஊசி வைப்பீங்களா சார்?"

"வைக்கவே மாட்டோம். நாளைக்கு அதுல ஏதாவது மாறுனா டாக்டர் கண்ணுக்குத் தெரியணுமே."

"மெஷினுக்கு இந்தக் கையத் தெரியாது. தாடிக்கும் தெரியாது, அதான் கேட்டா ஸ்டைலுங்கறாரு. இந்த மச்சத்துக்கு வழி விட்டு வரையணும்னா கையப் பாத்திருக்கணும். பாத்தவ ஒருத்திதான். தம்பி, வியாழக்கிழமை கையுறை மட்டுமா எடுத்துட்டுப் போனீங்க?"

தாடி தரையைப் பார்த்தான். "போட்டோ எடுத்துக்கிட்டேன். அவ்ளோ அழகா இருந்துச்சு."

நடுவர் ஏழாம் மேசைப் படத்தைச் சுருட்டி அவன் கையில் கொடுத்து, வாசலைக் காட்டினார்.

"ஏன்டி, மொதல்லயே மச்சம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மச்சத்த விட்டு வரையறது கைப்பழக்கம்க்கா. விட்டேங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல."

டிரைவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் கூட்டத்த மட்டும்தானே கேட்டேன்? நடுவுல மச்சத்த என் பஸ் மாதிரி நிறுத்திட்டியே!"

"மெஷின் கூட்டத்தக் குடுத்துச்சு" என்றாள் பெரியவள், தங்கையின் தோளைத் தட்டி. "இவ ரோடு போட்டிருக்கா."

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். மேடையில் சின்னவள் பஞ்சை நனைத்து, ஊதாக் கோடுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அதுவும் உன் படம்தானடி, அப்படியே குத்தேன்" என்றாள் பெரியவள்.

"அவன் எடுத்த படத்து மேல நான் ஊசி வைக்க மாட்டேன்."

தன் தாளை ஒட்டினாள், உரித்தாள். டிரைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, பஸ்ஸில் தினமும் கண்டக்டர் சொல்லிக் காதில் விழுவதைத் தன் வாயாலேயே சொன்னாள்.

"போலாம், ரைட்!"