தட்டை மூக்கு வண்டி

பழைய ராணுவ வண்டிகளைப் பார்த்து, இன்ன ரகம், இன்ன வேலைக்கு ஓடியது என்று சொல்வது என் தொழில். தம்பிக்கு அப்படி ஒன்றை வாங்கி வீடு மாதிரி மாற்றி, பெண்டாட்டி பிள்ளையோடு சுற்ற ஆசை. "நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா, வாங்கிடறேன்" என்று நச்சரித்து, ஒரு மதியம் என்னை அந்தக் கொட்டகைக்கு இழுத்து வந்தான்.

கொட்டகைக்காரர் கதவைத் தள்ளினார். உள்ளே மூக்கே இல்லாத பச்சை லாரி. முன்சக்கரத்தின் மேலேயே ஓட்டுநர் இருக்கை. எஞ்சின், இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு மூடிக்குக் கீழே. சேறு, மேடு எதிலும் ஏற நான்கு சக்கரமும் இழுக்கும். தம்பி குழந்தை மாதிரி தாவி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"மூட்டை முடிச்சு ஏத்தின வண்டிம்மா. வேற ஒண்ணுத்துக்கும் ஓடல," என்றார் கொட்டகைக்காரர்.

நான் இன்னும் எதையும் கேட்கவில்லையே!

பின்கதவைத் திறந்தேன். துரு வாடைக்கு அடியில் மருந்து நெடி. பக்கச் சுவர்களில் மேலும் கீழுமாக போல்ட் ஓட்டைகள், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு. மூட்டைக்குக் கூரையில் காற்றுத் துவாரம் எதற்கு? வெளியே வந்து பெயிண்டைச் சாய்வாகப் பார்த்தேன். பச்சைக்கு அடியில் ஒரு சிலுவைக் குறி புடைத்திருந்தது.

"எதுக்கு மறைக்கிறீங்க?"

அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பற்றினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"தெரிஞ்சது உங்க மனசோட இருக்கட்டும்மா," என்று கிசுகிசுத்தாள். "இங்க வெச்சு வாய்விட்டுச் சொல்லிடாதீங்க."

உண்மை தெரிந்தால் வண்டி விலைபோகாது என்று புருஷனும் பெண்டாட்டியும் நாடகம் ஆடுகிறார்கள். அப்படித்தான் நினைத்தேன். தம்பி காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"போர்முனையில அடிபட்டவங்களைத் தூக்கின வண்டிடா இது. ஆம்புலன்ஸ்."

கிறீச்.

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. யாரோ படுத்தது போல.

மறுபடி கிறீச்.

திறந்த கதவு வழியே பார்த்தேன். உள்ளே வெறும் தகரம்.

"இவ்வளவு காலமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரும் வரலைன்னு கெடந்தாங்க," அவள் குரல் உடைந்தது. "இப்ப ஆள் வந்துட்டதா நெனச்சுக்குவாங்க."

"இறங்குடா!" என்று கத்தினேன்.

தம்பி இறங்கினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த வண்டி வேண்டாம் என்று நான் சொன்னதும் தலையாட்டினான்.

எங்கள் காரில் நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். வேகத்தடை வந்தாலும் தூக்கிப் போட்டு ஓட்டுகிறவன், அன்று சின்னப் பள்ளத்துக்குக்கூட நின்று நின்று ஊர்ந்தான்.

"ஏண்டா இப்படி உருட்டற?"

அவன் கண்ணாடியில் பின்இருக்கையைப் பார்த்தபடி உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவாப் பேசுக்கா. இப்பத்தான் வலி தெரியாமத் தூங்கறாரு."