மலை ஏறாத இருவர்

1914-ஆம் வருடம், ஆனி மாதம். நெல்லைச் சீமையில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய புதிது. மாட்டு வண்டியைவிட வேகம் என்றுதான் பேர். ஐந்து மைலுக்கு ஒருமுறை அது நின்று தண்ணீர் கேட்கும். டிரைவர் பாவா வாளியோடு வாய்க்காலில் இறங்குவார். பயணிகள் கொட்டாவி விடுவார்கள்.

அந்தப் பஸ்ஸில் கோமுவும் வடிவம்மாளும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பத்து வயது. பாளையங்கோட்டையில் எதிரெதிர் வீடு. முன் இருக்கையில் கோமுவின் அப்பா. பாபநாசத்தில் இறங்கி, மலைப்பாதையில் நடந்து கல்யாண தீர்த்த அருவியைப் பார்க்கப் போகிறார்கள்.

வடிவின் அப்பா பங்குனியில் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. சோற்றையும் பாதியில் வைத்துவிடுவாள். மலையைப் பார்த்தால் கொஞ்சம் தேறுவாள் என்று கோமுதான் அடம்பிடித்து அழைத்து வந்தாள்.

"அந்த மேகத்துக்குப் பின்னாலதான் மலை இருக்கு," என்றாள் கோமு.

"இருக்கும்," என்றாள் வடிவு.

சேரன்மகாதேவியில் கோமுவின் அத்தை சொர்ணாம்பாள் ஏறினாள். அவளும் மலைக்குத்தான் வருகிறாள். வடிவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏட்டி கோமு, இவளையுமா மலைக்குக் கூட்டிட்டுப் போற? அப்பன் போயி வருஷம் திரும்பலையே. மலை ஏறப்படாதுட்டி. வீட்டுல இருக்கவங்களுக்கு ஆகாதும்பாங்க."

அப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார். "எனக்கு அது தோணவே இல்லையே."

கோமுவுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. "அத்தை சும்மா சொல்லுதா. நாம ஏறுவோம்," என்று வடிவின் காதில் சொன்னாள்.

வடிவு தலையை ஆட்டினாள். "வீட்டுல அம்மா மட்டும்தான இருக்கா."

தேற்றுவதற்காகக் கூட்டிவந்து நோகடித்துவிட்டோமே என்று கோமு தன்னையே நொந்துகொண்டாள்.

பாபநாசத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. "வடிவு இங்கன கோயில் படித்துறையில இருக்கட்டும். பஸ் சாயங்காலம்தான் திரும்பும். அதுவரைக்கும் பாவா அண்ணாச்சி பார்த்துக்கிடுவாரு," என்றார் அப்பா.

"நீ போயிட்டு வா கோமு. எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு," என்றாள் வடிவு.

கோமு ஒரு வருடமாகக் காத்திருந்த மலை அது. தோளில் சோற்று மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். முதல் திருப்பத்தில் நின்று பார்த்தாள். வடிவு மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நான் கீழ இருக்கேன்."

"நல்லா யோசிச்சியா? இனி எப்ப வருவோமோ தெரியாது."

"யோசிச்சுட்டேன்."

அது பொய். யோசித்தால் மேலே போய்விடுவோம் என்று பயந்துதான் அவள் உடனே கீழே ஓடினாள்.

"ஏன் வந்துட்ட?" என்றாள் வடிவு.

"கால் வலிக்கு."

"பொய் சொல்லுத."

"ஆமா."

வடிவு அழத் தொடங்கினாள். அப்பா இறந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. கோமு அவளை ஒட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அழுது ஓய்ந்ததும் கோமு மூட்டையைப் பிரித்தாள். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் இருந்தன. வாசம் பிடித்ததுபோல் படித்துறை மீன்கள் கூட்டமாக வந்து வாயைப் பிளந்தன.

"இதுகளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்," என்றாள் கோமு.

வடிவு வாங்கித் தின்றாள். பிறகு அவளே கையை நீட்டினாள். மறுபடியும் நீட்டினாள்.

சாயங்காலம் அப்பாவும் அத்தையும் தொப்பலாக நனைந்து இறங்கி வந்தார்கள்.

"ஏட்டி, சோத்து மூட்டை உங்கிட்டயா இருக்கு? மேல போயில்லா தெரிஞ்சுது. பசி உயிர் போகுது. எடு," என்றாள் அத்தை.

கோமு முழித்தாள்.

"நான்தான் தின்னுட்டேன் அத்தை. மீனுக்கும் கொஞ்சம் போட்டோம்," என்றாள் வடிவு.

"நாலு பேர் சோத்தையுமா?"

"பசிச்சுது."

திட்டுவதற்கு வாயைத் திறந்த அத்தை, வடிவின் வாயோரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தாள். குனிந்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பிள்ளைக்குப் பசிச்சிருக்கு," என்று அப்பாவிடம் சொன்னாள்.

சேரன்மகாதேவி வரும்வரை அத்தை தன் பசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.